ஓட்டை விழுந்த அட்டை

அத்தியாயம் 3

ஐவோனி குடாகா மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, டப்பா நிறையச் சீஸ் உருண்டை. இன்னொன்று, ஓட்டை விழுந்த ஒரு குடியிருப்பு அட்டை.

வாக்னர் ஹிகாவின் கை உருண்டைக்குப் போனது. நிஷிகோரியின் கை அட்டைக்குப் போனது. அவர் துப்பறிவாளராகவும் இவன் உதவியாளனாகவும் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜப்பானின் ஹமாமட்சு ஊரில், பழைய டயர் கடைக்கு மேலே ஓர் அறைதான் நிஷிகோரியின் விசாரணை அலுவலகம். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் அவர் நகர அலுவலகத்தில் குடியிருப்போர் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "அடுத்தவர்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வெளியே வந்தார். இப்போது ஓடிப்போன கணவன்களையும் காணாமல்போன பூனைகளையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். பூனைகள் மட்டும் நன்றியோடு இருந்தன.

"என் உரிமை போயிடுச்சு மேடம்," என்றார் ஐவோனி. வயது ஐம்பத்தெட்டு. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. "சாவோ பாலோவுலேர்ந்து வந்து இருபத்தொம்பது வருஷம் ஆச்சு. நீ நிரந்தரமா இங்கயே இருக்கலாம்னு எழுதிக் குடுத்துப் பதினேழு வருஷம். அதுல ஓட்டை போட்டுட்டாங்க."

"யாரு?"

"சர்க்கார்தான். வேற யாரு?"

"போடும்போது நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. போன வாரம் செவ்வாய்க்கிழமை பேங்க்ல நீட்டினேன். அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் வாங்கினா. ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தா. 'மன்னிக்கணும், இது செல்லாது'ன்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சா. அவ குனியக் குனிய நான் வாசலுக்கு வந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி அட்டை வேற யார் கைக்காவது போச்சா?"

"முந்தின நாள் ஓனுகி சார் எல்லாரோட அட்டையும் வாங்கினார். வருஷா வருஷம் நகல் எடுப்பார். அப்புறம் உறைல போட்டு ஒட்டித் திருப்பிக் குடுத்தார். நான் பிரிச்சுப் பாக்கல. நேரா பேங்க்ல போய்த்தான் பிரிச்சேன்."

ஓனுகியை வாக்னருக்குத் தெரியும். ஊரில் உள்ள பிரேசில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் பிரேசில் ஆட்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கைக்கு வந்த அரசாங்கக் கடிதம், எல்லாமே ஓனுகிதான். போர்த்துகீசியத்தில் ஆறுதலும் சொல்வான், கெட்ட வார்த்தையும் சொல்வான். இருபது வருடமாக ஐவோனி எந்த அலுவலக ஜன்னலுக்கும் தானாகப் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

"ஓட்டையப் பத்தி அவர் என்ன சொன்னார்?"

"போன வருஷம் எங்கப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப ஏழு மாசம் பிரேசில்ல இருந்தேன். அதான் வெட்டிட்டாங்களாம். சத்தம் போடாம இந்தச் சனிக்கிழமை கிளம்பிடுங்க, டிக்கெட்ட கம்பெனியே வாங்கித் தரும்ன்னார். போலீஸ்கிட்டப் போகாதீங்க, செல்லாத அட்டையோட நடமாடினா உள்ள வச்சிடுவாங்கன்னார். அப்புறம் ஏர்போர்ட்ல ஒரு சீட்டு குடுப்பாங்கல்ல. அதுல 'திரும்பி வருவேன்'னு ஒரு கட்டம். இந்தத் தடவை டிக் அடிக்காதீங்க, அடிச்சா விசாரணைன்னார்."

நிஷிகோரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கட்டத்துல டிக் அடிக்காம விமானம் ஏறினா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"உங்க உரிமைய நீங்களே விட்டுட்டுப் போனதா அர்த்தம். பதினேழு வருஷமும் கடல்ல."

வாக்னர் உருண்டையை மெல்லுவதை நிறுத்தினான்.

"மேடம், கம்பெனி டிக்கெட் வாங்கித் தருதுன்னதுமே எனக்கு ஒதைச்சுது. நான் அங்க மூணு வருஷம் இருந்திருக்கேன். ஒரு கையுறை கிழிஞ்சிருச்சுன்னு போய் நின்னா, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்குன்னு கேப்பாங்க."

"குடாகா அம்மா, அடுத்த மாசம் உங்களுக்கு இங்க என்ன வேலை இருக்கு?"

"பத்தொம்பதாம் தேதி விசாரணை. கூட வேலை பாக்கற ரொசாங்கெலாவுக்கு அழுத்து மெஷின்ல மூணு விரல் போச்சு. வேகம் பத்தலைன்னு மேஸ்திரி தடுப்புக் கம்பியக் கழட்டச் சொன்னத நான் பாத்தேன். பாத்தது நான் ஒருத்திதான்."

"இப்ப தெரியுது," என்றான் வாக்னர். "டிக்கெட் ஜன்னலோர சீட்டாத்தான் இருக்கும்."

நிஷிகோரி அட்டையை அவனிடம் தள்ளினார். "படி."

"பேரு சரி. பொறந்த தேதி சரி. படத்துல அக்கா கொஞ்சம் இளமையா இருக்காங்க. மத்தபடி..."

"கீழ. பெரிய எழுத்துல."

வாக்னர் படித்தான். மறுபடி படித்தான். எதுவரை செல்லும் என்ற தேதி இரண்டு வருடம் முன்பே முடிந்திருந்தது.

"அப்ப நிஜமாவே போயிடுச்சா?" என்றார் ஐவோனி.

"போனது அட்டைதான். அட்டைக்கு ஏழு வருஷம் ஆயுசு. உரிமைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பால் பாக்கெட்ல தேதி முடிஞ்சா பசு செத்துப்போச்சுன்னு அர்த்தமா? ரெண்டு வருஷம் முன்னாடி புது அட்டை வாங்கினீங்கல்ல, யார் போய் வாங்கினா?"

"ஓனுகி சார்தான். கம்பெனி ஆளு நமக்காகப் போகலாமாம்."

"போகலாம். புதுசு குடுக்கறப்ப பழசுல ஓட்டை போடுவாங்க. கேட்டா கைல திருப்பிக் குடுத்துடுவாங்க. அந்தப் பழசு உங்ககிட்ட வந்துச்சா?"

"பழசுன்னு ஒண்ணு உண்டா?"

"இதோ, இதுதான்."

"அக்கா, தேதியப் பாக்கலையா நீங்க?" என்றான் வாக்னர்.

"ஓட்டையப் பாத்ததுக்கப்புறம் எவ தேதியப் பாப்பா?"

அது நியாயம்தான். வாக்னரும் பார்க்கவில்லை.

"அக்கா, ஓனுகி இதையெல்லாம் எப்படிச் சொன்னான்? நேர்லயா?"

ஐவோனி போனை நீட்டினார். பிரேசில்காரர்கள் செய்தியை எழுதுவதில்லை, பேசி அனுப்புவார்கள். வாக்னரின் சித்தி ஒருமுறை பதினொரு நிமிடம் பேசி அனுப்பினார். விஷயம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்பது. இருபது வருடம் இவர்களோடு பழகி ஓனுகிக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது.

முதலில் ஐவோனி அனுப்பியது. நான்கு நிமிடம். அடுத்து ஓனுகியின் பதில், மரியாதைக்கு ஒரு 'தோனா' சேர்த்து. "அழாதீங்க தோனா ஐவோனி. ஓட்டை போட்டிருந்தாங்கன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது..." அதன்பின் ஏழு மாதம், சனிக்கிழமை, டிக்கெட், கட்டம்.

நிஷிகோரிக்குப் போர்த்துகீசியம் தெரியாது. வாக்னர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். ஐவோனியின் நான்கு நிமிடத்தை முதலிலிருந்து மறுபடி போட்டான். அழுகை. பேங்க். குனிந்த பெண். ஏசி குளிர். முழங்கால் வலி. மறுபடி அழுகை.

"அக்கா, இத அனுப்பறதுக்கு முன்னாடி அவன்கிட்ட வேற ஏதாவது பேசினீங்களா?"

"இல்லப்பா. பேங்க் வாசல்ல நின்னு இதான் மொதல்ல அனுப்பினேன்."

"இதுல செல்லாதுன்னுதான் சொல்றீங்க. ஓட்டைங்கிற பேச்சே இல்ல."

"அதனால?"

"அப்ப ஓட்டை இருக்குன்னு அவனுக்கு யார் சொன்னா?"

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். நிஷிகோரி கையை நீட்டி ஒரு சீஸ் உருண்டையை எடுத்து அவன் முன் வைத்தார். அவர் அலுவலகத்தில் பாராட்டு என்பது அவ்வளவுதான்.

வாக்னர் கோட்டை மாட்டினான். "வாங்க, அவன் வீட்டுக்குப் போய்..."

"எதுக்கு?"

"அட்டையக் கண்டுபிடிக்க. துப்பறியற ஆபீஸ் மேடம் இது."

"அட்டை தொலைஞ்சது தெரிஞ்சு பதினாலு நாளைக்குள்ள வேற கேட்டு எழுதிக் குடுக்கணும். ஒம்பது நாள் போயாச்சு. போலீஸ்ல புகார், ஒரு போட்டோ, பாஸ்போர்ட். குடியேற்ற ஆபீஸ்ல அன்னிக்கே கைல குடுப்பாங்க. நாம ஏன் தேடணும்? இன்னைக்கு வரிசைல நிக்கறதுதான் துப்பறியற வேலை."

"இத எங்கம்மாகிட்ட சொன்னா வேலைய விடச் சொல்லுவா."

---

தெருமுனைக் காவல் சாவடியில் இருந்த இளம் போலீஸ்காரர் எழுந்து நின்று வணங்கினார். உட்காரச் சொன்னார். படிவத்தை எடுத்து மேஜையின் விளிம்புக்குச் சமமாக வைத்தார்.

"அட்டையோட வடிவம்?"

"அட்டை வடிவம்தான்," என்றான் வாக்னர்.

"செவ்வகம்," என்று அவர் எழுதிக்கொண்டார். "ஓரம் கூரா, வளைஞ்சதா?"

பதினைந்து நிமிடம் இப்படிப் போனது. பிறகு அவர் தலைநிமிர்ந்தார். "தொலைஞ்சதா, திருடு போனதா?"

ஐவோனி நிஷிகோரியைப் பார்த்தார். நிஷிகோரி சுவரில் இருந்த சைக்கிள் பாதுகாப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையனுக்கு வலிப்பு வந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வேன எடுத்துட்டு வந்தவர் அவர்," என்றார் ஐவோனி, யாரிடமும் இல்லாமல்.

போலீஸ்காரர் காத்திருந்தார். பேனா முனை தாளைத் தொடவில்லை.

"திருடு போனது," என்றார் ஐவோனி. ஓனுகியின் பெயரையும் சொன்னார்.

எல்லாம் முடிந்து புகார் எண் எழுதிய சீட்டு கைக்கு வந்தது. ஐவோனி எழவில்லை.

"என்னைப் பிடிச்சு உள்ள வைக்கலையா?"

"எதுக்கும்மா?"

"அட்டை இல்லாம நடந்து வந்திருக்கேன்ல?"

போலீஸ்காரர் படிவத்தை மறுபடி பார்த்தார். "அட்டை இல்லைன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

---

வியாழக்கிழமை குடியேற்ற அலுவலகத்தில் ஊரே இருக்கும். டோக்கன் எண் 214. திரையில் 187. ஐவோனி மூலையில் இருந்த போட்டோ பெட்டிக்குள் போய் வந்தார். படத்தில் அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் திருப்பி அனுப்புவார்கள்.

"மேடம்," வாக்னர் கிசுகிசுத்தான். "ரெண்டாவது வரிசை."

ஓனுகி எட்டுப் பேரை வரிசையாக உட்காரவைத்திருந்தான். மற்றவர்கள் தங்கள் அட்டையைத் தாங்களே பிடித்துக்கொண்டிருக்க, இந்த எட்டுப் பேரின் அட்டைகளும் ஓனுகியின் பிளாஸ்டிக் கோப்பில் இருந்தன. தொலைத்துவிடுவார்களாம்.

"அவன் இங்க வருவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருபது வருஷமா வியாழக்கிழமைதான் வர்றான். நகர அலுவலகத்துல என் ஜன்னலுக்குப் புதன்கிழமை வருவான்."

ஓனுகி பார்த்துவிட்டான். வேகமாக வந்தான். முகத்தில் கவலை நன்றாகப் பொருந்தியிருந்தது.

"தோனா ஐவோனி! இங்க ஏன் வந்தீங்க? பிடிச்சு வச்சா நான்தான வந்து மீட்கணும்!"

நிஷிகோரி குனிந்து வணங்கித் தன் பெயரைச் சொன்னார். தொழிலைச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த முகம் ஓனுகிக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு வாக்னர் பக்கம் திரும்பி, காதருகே பேசும் பாவனையில் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி பேசினார்.

"திருட்டுப் புகார் பதிவாயிடுச்சு. பேரும் குடுத்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல புது அட்டை வந்துடும். அதுக்கப்புறம் திருடு போன அட்டை யார் பையில இருந்து கிடைக்குதோ, அந்த ஆளு பாவம்."

"ரொம்பப் பாவம்," என்றான் வாக்னர். "பொண்டாட்டி புள்ளைங்க இருக்கற ஆளா இருந்தா இன்னும் பாவம்."

ஓனுகி கழிப்பறைக்குப் போனான். திரையில் 199 வந்தது. ஓனுகி திரும்பி வந்தான். நின்றுகொண்டே கோப்பைப் புரட்டினான். ஒருமுறை முன்னாலிருந்து. ஒருமுறை பின்னாலிருந்து.

"அடக் கடவுளே!"

எட்டுத் தலைகளும் திரும்பின. அவன் கையில் ஓர் அட்டை. ஓட்டை இல்லாத அட்டை.

"தோனா ஐவோனி, இங்க பாருங்க! நகல் எடுக்கறப்ப உங்க பழசும் புதுசும் மாறிப்போயிருக்கு! என் தப்பு! முழுக்க என் தப்பு!" தொண்ணூறு பாகை குனிந்தான். அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

ஐவோனி வாங்கினார். இந்த முறை தேதியைப் பார்த்தார். இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

"நல்ல மனுஷன்," என்றார் வரிசையில் ஒரு மீசைக்காரர். "தப்பு பண்ணா ஒத்துக்கறார் பாரு."

வாக்னருக்கு ரத்தம் கொதித்தது. திருட்டு கண்ணெதிரில் கைத்தவறாக மாறிவிட்டது. ஓனுகி கெட்டிக்காரன். அட்டையைக் கிழித்துப்போட்டிருந்தால் குற்றம், வைத்திருந்ததால் மறதி.

"தப்பிச்சுட்டான் மேடம். நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அட்டை அவன்கிட்ட இருந்துச்சுன்னு யார் சொல்லுவா? நீயா, நானா? இப்ப அவனே சொல்லிட்டான். அம்பது பேர் சாட்சி." நிஷிகோரி நாற்காலியில் சாய்ந்தார். "அம்மாவோட போன்ல இருக்கறதப் போடு. இவங்க எல்லாருக்கும் புரியற பாஷைதானே?"

வாக்னர் ஒலியை முழுதாகக் கூட்டினான்.

"அழாதீங்க தோனா ஐவோனி. ஓட்டை போட்டிருந்தாங்கன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஏழு மாசம் வெளிய இருந்தீங்கல்ல, சர்க்கார் வெட்டிடுச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்பிடுங்க. அந்தக் கட்டத்துல மட்டும் டிக் அடிச்சிடாதீங்க..."

போன் நின்றது. மீசைக்காரர் ஓனுகியைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார்.

"அது... நான் அப்ப... எனக்கும் சரியாத் தெரியாம..." என்றான் ஓனுகி.

"ஓட்டை மட்டும் சரியாத் தெரிஞ்சிருக்கு," என்றான் வாக்னர். "அக்கா சொல்றதுக்கு முன்னாடியே."

214.

ஜன்னலில் கண்ணாடி போட்ட அலுவலர். ஐவோனி இரண்டு அட்டைகளையும் வைத்தார். நடந்ததைத் தன் உடைந்த ஜப்பானிய மொழியில் தானே சொன்னார். நிஷிகோரி இரண்டடி பின்னால் நின்றார். உதவவில்லை. அலுவலர் எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தார்.

"அட்டை கிடைச்சிட்டதால வேற தேவையில்லைங்க. இது செல்லும். உங்க நிரந்தர உரிமைல எந்த மாற்றமும் இல்லை."

"ஏழு மாசம் வெளிநாட்டுல இருந்தேன்."

"போறப்ப திரும்பி வருவேன்னு டிக் அடிச்சீங்க. ஒரு வருஷத்துக்குள்ள வந்துட்டீங்க. அதுக்கென்ன?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எந்த மாற்றமும் இல்லைங்க."

"இன்னொரு தடவை."

அலுவலர் மூன்றாவது முறையும் சொன்னார், அதே குரலில். இந்த வேலையில் சிலருக்கு அப்படி ஒரு நல்ல குணம் அமைந்துவிடுகிறது.

ஐவோனி திரும்பியபோது ஓனுகி எதிரில் நின்றான். இப்போது கவலை கொஞ்சம் நழுவியிருந்தது.

"அட்டை வந்துடுச்சு. புகார வாபஸ் வாங்கிடுங்க தோனா ஐவோனி. இருபது வருஷப் பழக்கம். உங்க பையனுக்காக எத்தனை ராத்திரி..."

"ரெண்டு ராத்திரி," என்றார் ஐவோனி. "அதுக்கு நான் சாகற வரைக்கும் நன்றி சொல்லுவேன் சார். புகார் இருக்கட்டும். பத்தொம்பதாம் தேதி வந்து சொல்ல வேண்டியதையும் சொல்லுவேன். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கு, டிக்கெட்ல வேற யாரையாவது அனுப்புங்க." பிறகு இரண்டாவது வரிசையைப் பார்த்தார். "இவங்க அட்டைய இவங்ககிட்டக் குடுங்க."

"இவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. காலைல வரைக்கும்."

தொப்பி போட்ட ஒருவர் எழுந்து கையை நீட்டினார். அடுத்து, கட்டுப் போட்ட மணிக்கட்டோடு ஒரு பெண். அடுத்து மீசைக்காரர். ஓனுகி மூன்று அட்டைகளை எடுத்துக் கொடுத்தான். மற்ற ஐந்து பேர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றான் ஓனுகி, இப்போது சிரிப்பில்லாமல். "வேன்ல வராதவங்க நாளைக்கு வேலைக்கும் வர வேண்டாம்."

தொப்பிக்காரர் அசையவில்லை. அந்தப் பெண்ணும் அசையவில்லை. மீசைக்காரர் அட்டையைப் பார்த்தார், ஓனுகியைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வேலைய விட்டுத் தூக்கறதுக்கும் சட்டம் இருக்கு," என்றார் நிஷிகோரி. "அந்த ஜன்னல் எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

பேருந்து நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றார்கள். மலையிறங்கும் காற்று வாட்டியது. தொப்பிக்காரர் தன் அட்டையைக் கண்ணுக்கருகில் வைத்துத் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எட்டுல ரெண்டு," என்றான் வாக்னர். "மோசம் மேடம்."

அலுவலக வாசலிலிருந்து கம்பெனி வேன் வெளியே வந்தது. ஓனுகி நேரே பார்த்து ஓட்டினான். வேன் அவர்களைக் கடந்தது.

பின் கண்ணாடியில் ஒரு மீசை தெரிந்தது. பிறகு ஒரு கை. கையில், கண்ணாடியோடு ஒட்டி, ஓர் அட்டை.

"மூணு," என்றார் ஐவோனி.